எழுதியாச்சு

என் மாமியார் இன்றுவரை நான் ஏதோ கம்பெனி வண்டி ஓட்டுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தப்பு அவர் மேல் இல்லை. முதன்முதலில் அவரைச் சந்தித்த அன்று, என்ன வேலை என்று கேட்டார். "டிரைவர் எழுதுறேன்" என்றேன். டிரைவர் அவர் காதில் விழுந்தது, எழுதுறேன் விழவில்லை. போன மாதம் வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போதுகூட, "மாப்பிள்ளை, மழை நேரம், வண்டிய மெதுவா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். "சரிங்க அத்தை" என்றேன். பதினெட்டு வருஷமாக இப்படியே போய்க்கொண்டிருக்கிறது. யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, "உங்க வார்த்தையிலயே எழுதுங்க, அவசரம் இல்ல" என்று விசாரணை அதிகாரியான நீங்கள் சொன்னதால் இப்படி ஆரம்பிக்கிறேன். அவசரம் இல்லை என்று ஒருவர் என்னிடம் சொல்லிக் கேட்டே பல வருஷம் ஆயிற்று. அறையும் நன்றாக இருக்கிறது, ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியே பெஞ்சில் நர்ஸ் அக்கா உட்கார்ந்திருப்பது தெரிகிறது. போட்ட ஊசியைப் பதிவு செய்ய மறந்து ஒரு மனிதரைச் சாகவிட்டவர் என்று அவர் பெயரில் ஒரு பழி இருக்கிறது. அது நிற்பதும் நீங்குவதும், அவர் மறுபடியும் நர்ஸ் ஆவதும் ஆகாததும் நான் எழுதித் தருவதைப் பொறுத்தது என்றீர்கள். ஆகவே ஒளிவுமறைவு வேண்டாம். எனக்கும் இப்போது மனசு லேசாகத்தான் இருக்கிறது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்குப் புரியவைக்க முடியாததை உங்களுக்குப் புரியவைக்கலாம் என்று ஒரு நம்பிக்கை.

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நர்ஸ் கம்ப்யூட்டரில் 'மருந்து கொடுத்தாயிற்று' என்று அழுத்தினால், அந்தச் செய்தி அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்காது. கேபிள் வழியாகக் கீழ்த்தளத்தில் இருக்கிற ஒரு இரும்புப் பெட்டிக்குப் போய், அங்கேதான் பதிவாகும். அந்தப் பெட்டியைச் செய்வது எங்கள் கம்பெனி. கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே தூது போகிற மென்பொருளுக்குப் பெயர் டிரைவர். கம்ப்யூட்டர் "இதை எழுது" என்று சொல்லும். டிரைவர் அதை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் ஓடும். பெட்டி எழுதிவிட்டு "எழுதியாச்சு" என்று பதில் சொல்லும். டிரைவர் திரும்பி வந்து கம்ப்யூட்டரிடம் "எழுதியாச்சு" என்று சொல்லும். திரையில் பச்சை டிக் வரும். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போவார். அவ்வளவுதான். இதற்குப் போய் இருபது வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்.

கஷ்டமெல்லாம் பதில் வராதபோதுதான். பதில் வரவில்லை என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. பெட்டி செத்துப்போயிருக்கலாம். அல்லது பெட்டிக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கள் தொழிலில் இருக்கிற ஒரே தத்துவப் பிரச்சினை இதுதான், இதற்கு இன்னும் யாரும் விடை கண்டுபிடிக்கவில்லை. அதனால் ஒரு கெடு வைத்துக்கொள்வோம். அதற்கு டைம் அவுட் என்று பெயர். முப்பது வினாடி பார்ப்பது, மறுபடி கேட்பது, மறுபடி முப்பது வினாடி. மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால், பக்கத்திலேயே ஜோடியாக இருக்கும் இரண்டாவது பெட்டியிடம் போய் "இனிமேல் நீதான்" என்று சொல்வது. அதற்கு ஃபெயில் ஓவர் என்று பெயர்.

என் மனைவி இதை என்னைவிட நன்றாகச் செய்வாள். நான் ஆபீசிலிருந்து போனில் "வந்துட்டேன்" என்று சொன்னால் அவள் முக்கால் மணி நேரம் கெடு வைப்பாள். முக்கால் மணிக்குப் பிறகு இன்னொரு போன். அதற்கும் நான் வரவில்லையென்றால், குழந்தையைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டிவர நேராகத் தன் தம்பிக்குப் போன் போட்டுவிடுவாள். கச்சிதமான ஃபெயில் ஓவர். ஒரு நாள்கூடக் குழந்தை வகுப்பு வாசலில் நின்றதில்லை.

பிரச்சினை என்னவென்றால், மூன்று முப்பது சேர்ந்தால் ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷமும் நர்சுகளின் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கையில் சிரிஞ்சு, இன்னொரு கையில் மவுஸ், பின்னால் நாலு பேர் "சிஸ்டர் சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, ஒன்றரை நிமிஷம் என்பது ஒரு யுகம். ஆஸ்பத்திரியிலிருந்து புகார் மேல் புகார். எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'உடனே சார்'. எதற்கும் உடனே என்பார். சாப்பிடும்போதும் உடனே சாப்பிடுவார். அவர் ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்து, "அந்த வட்டம் சுத்தக் கூடாது. வெள்ளிக்கிழமை அவங்க முன்னாடி காட்டணும். உடனே பாருங்க" என்றார்.

கெடுவை முப்பதிலிருந்து ஐந்தாகக் குறைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. குறைத்தால், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற பெட்டியைச் செத்துவிட்டதாக முடிவுகட்டிவிடும். இரண்டாவது பெட்டி பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அதற்குள் முதல் பெட்டி எழுந்து உட்கார்ந்து தானும் எழுத ஆரம்பிக்கும். இரண்டும் தான்தான் பெரியவன் என்று ஒரே நோயாளிக்கு இரண்டு கணக்கு எழுதும். அது ஆபத்து. ஆபத்தான காரியத்தை நான் செய்யமாட்டேன்.

அதனால் வேறு ஒன்று செய்தேன். கெடு அப்படியே இருக்கட்டும். ஐந்து வினாடிக்குள் பதில் வராவிட்டால், டிரைவர் அந்தச் செய்தியைத் தன் ஞாபகத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிடம் "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். பச்சை டிக் வந்துவிடும். நர்ஸ் நிம்மதியாகப் போவார். பின்னால் டிரைவர் சாவகாசமாக முதல் பெட்டியைக் கேட்டு, அது இல்லையென்றால் இரண்டாவதைக் கேட்டு, எழுதி முடித்துவிடும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு நிமிஷத்துக்குள் எழுதியாகிவிடும். எழுதப்போவதைத்தானே எழுதியாச்சு என்கிறது.

எங்கள் குழுவில் எழுதியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற பெண் ஒருத்தி உண்டு. அவளுக்குப் பெயர் 'சந்தேகம்'. எந்த வரியைக் காட்டினாலும் "எனக்கு ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பாள். கெட்டிக்காரி. என் கோப்பைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். இது எழுதறதுக்கு முன்னாடியே எழுதியாச்சுன்னு சொல்லுதே. பொய் இல்லையா?"

"மீட்டிங்குக்கு நேரமாச்சுன்னா லிஃப்ட்ல நின்னுக்கிட்டு போன்ல என்ன சொல்ற?"

"வந்துட்டேன்னு சொல்வேன்."

"வந்துட்டியா?"

சிரித்துவிட்டாள். எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவள் சுலபத்தில் சிரிக்கமாட்டாள். நான் இன்னும் கொஞ்சம் விளக்கினேன். நம் பேச்சில் இருக்கிற பெரிய வசதியே இதுதான். ஹோட்டலில் காபி என்னாயிற்று என்று கேட்டால் "வந்தாச்சு சார்" என்பார், மேஜையில் காபி இருக்காது. தையல்காரரிடம் சட்டையைக் கேட்டால் "முடிஞ்சுது" என்பார், துணி அப்போதுதான் கத்தரிக்கோலுக்குப் போகும். யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்வதில்லை. நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்வது நமக்கு ஒரு மரியாதை, ஓர் உத்தரவாதம். என் டிரைவரும் நம்மைப் போலவே பேசுகிறது, அவ்வளவுதான் என்றேன்.

"சரி. லிஃப்ட் நடுவுல நின்னுட்டா?" என்று கேட்டாள். அவள் கேட்டது என்னவென்றால், செய்தியை நிறுத்தி வைத்திருக்கிற அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தில் வார்டு கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி ஓட ஆரம்பித்தால் ஞாபகத்தில் இருப்பதெல்லாம் போய்விடும். அதனால் வார்டு கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கில் ஒரு நகல் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எழுதியாச்சு என்று சொல்லட்டும். அணைந்து மறுபடி ஓடினாலும் நகலைப் பார்த்து எழுதிவிடலாம். மிகச் சரியான யோசனை. நான் அப்போதே ஒப்புக்கொண்டேன்.

"அந்த நகல் விஷயத்தப் போட்டுட்டீங்கன்னா கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள்.

"போட்டுட்டேன்" என்றேன்.

போடவில்லை. போடத்தான் இருந்தேன். அதைச் சரியாகச் செய்ய இரண்டு வாரம் பிடிக்கும், வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் சொன்னது வந்துட்டேன் என்கிற அர்த்தத்தில். அவள் எடுத்துக்கொண்டது வேறு அர்த்தத்தில். மறுநாள் ஒருமுறை "போட்டுட்டீங்கல்ல?" என்று கேட்டாள். "அதான் சொன்னேனே" என்றேன். அவளுக்கும் அன்று நூறு வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அமர்க்களமாகப் போயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் உடனே சார் தன் கையாலேயே முதல் பெட்டியின் கேபிளைப் பிடுங்கினார். திரையில் வட்டம் சுற்றவில்லை. பச்சை டிக் வந்துகொண்டே இருந்தது. ஒரு வயதான டாக்டர் எழுந்து நின்று கை தட்டினார். எங்களுக்குக் கேக் வெட்டினார்கள். ஒரு வருஷத்துக்குள் அறுபது ஆஸ்பத்திரிகளில் என் டிரைவர் ஓடியது. மாமியாரிடம் மனைவி, "அம்மா, இவரோட டிரைவர் இப்ப அறுபது இடத்துல ஓடுது" என்று சொன்னாள். "ஒரே ஆள் அறுபது வண்டியா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கவலைப்பட்டார்.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டால்தான் சொல்வேன் என்று இருப்பது எனக்குப் பிடிக்காது. நான் பொறுப்பில்லாமல் இருந்துவிடவில்லை. டிரைவர் எத்தனை செய்திகளை நிறுத்தி வைத்தது, அவற்றில் எத்தனையைப் பிறகு எழுதியது என்று அதுவே லாக் என்கிற தன் குறிப்பேட்டில் ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா இடத்து எண்ணிக்கையையும் வரவழைத்துப் பார்ப்பேன். இரண்டு வருஷத்தில் நிறுத்தி வைத்தது மூன்று லட்சத்துச் சொச்சம். எழுதாமல் போனது பதினாறு. மூன்று லட்சத்தில் பதினாறு என்றால் எந்தத் தொழிலிலும் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய கணக்கு. அந்தப் பதினாறு என்னென்ன என்று எனக்குத் தெரியாது. தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை, டிரைவரும் அப்படித்தான். படுக்கை விரிப்பு மாற்றியதாக இருக்கலாம். மதியச் சாப்பாடு வேண்டாம் என்று சொன்னதாக இருக்கலாம். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். யாரும் புகார் சொல்லவில்லை. அறுபது இடத்தில் அந்த இரண்டு வருஷத்தில் யார் யாருக்கு என்னென்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவும் இல்லை. அது என் துறை இல்லை.

பதினேழாவதுதான் உங்கள் கோப்பில் இருக்கிறது.

அந்த மனிதர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். விசாரணையில் அவர் மகன் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். ஊசி போட நர்ஸ் வந்தால் "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பாராம். வார்டு முழுக்கச் சிரிக்குமாம். அவர் வீட்டுக்கு வந்ததும் உட்கார என்று ஜன்னலோரம் ஒரு நாற்காலிகூட வாங்கிப் போட்டிருந்தார்களாம். எனக்கு இப்படிப்பட்ட ஆட்களைப் பிடிக்கும். உயிரோடு இருக்கும்போது பார்த்திருந்தால் நன்றாகப் பேசியிருப்போம்.

அவருக்கு வலி தெரியாமல் இருக்கப் பலமான ஊசி ஒன்று. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் போடலாம். நாலு மணிக்குப் போட வேண்டியது. நர்ஸ் அக்காவின் டியூட்டி நாலு மணிக்கு முடிகிறது என்பதால் மூன்று ஐம்பத்திரண்டுக்கே போட்டார். கம்ப்யூட்டரில் அழுத்தினார். பச்சை டிக் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

அதே நேரத்தில் கீழ்த்தளத்தில் ஒருவர் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தார். முதல் பெட்டியிலிருந்து பதில் இல்லை. டிரைவர் செய்தியை நிறுத்தி வைத்துக்கொண்டு "எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டு, தன் கெடுப்படி மூன்று முறை கேட்டுப் பார்த்து, இரண்டாவது பெட்டியிடம் போயிற்று. இரண்டாவது பெட்டி வேறு ஒரு பெரிய நகல் வேலையில் இருந்தது. வழக்கமாகச் சில வினாடியில் தயாராகிற பெட்டிக்கு அன்று ஒன்பது நிமிஷம் ஆயிற்று. ஆறாவது நிமிஷத்தில், புதன்கிழமை தோறும் செய்வதுபோல, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு எல்லா வார்டு கம்ப்யூட்டர்களையும் அணைத்து மறுபடி ஓடவிட்டது. யார் மேலும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள்.

முன்பெல்லாம் டியூட்டி மாறும்போது கட்டில் கட்டிலாகப் போய், இவருக்கு இது கொடுத்தாயிற்று, அவருக்கு அது கொடுக்க வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார்களாம். எங்கள் பெட்டி வந்த பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் "ஸ்கிரீன்ல இருக்கு" என்பது வழக்கமாகிவிட்டது. நாலு பத்துக்கு அடுத்த நர்ஸ் திரையைப் பார்த்தார். நாலு மணி ஊசிக்கு நேரே காலியாக இருந்தது. கண்டக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமலேயே போட்டார். அதுவும் ஒரு கரிசனம்தான். ஐந்தே முக்காலுக்கு அவர் மகன் வந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

மறுநாள் காலை உடனே சார் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வார்டு கம்ப்யூட்டரில் என் லாக்கைத் திறந்தேன். அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரே ஒரு வரி. நிறுத்தியது ஒன்று, எழுதியது சுழி. நேரம் மூன்று ஐம்பத்திரண்டு. பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். இது வெளியே வந்தால் அறுபது ஆஸ்பத்திரிகளும் ஒரே நாளில் பெட்டியை நிறுத்திவிட்டுத் தாளைத் தேடும். அந்தக் குழப்பத்தில் எத்தனை பேருக்கு என்ன ஆகும். கண்டக்டர் திரும்பி வரப்போவதில்லை. அறுபது இடத்துக்காகத்தான் அந்த வரியை அழித்தேன்.

அழித்ததோடு விட்டுவிடவில்லை. இரண்டு வாரம் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்து, சந்தேகம் சொன்ன அந்த நகல் யோசனையை முழுசாக எழுதி முடித்து, எல்லா இடத்துக்கும் அனுப்பினேன். கூடப் போகிற குறிப்பில் 'சில சிறிய மேம்பாடுகள்' என்று போட்டேன். அதற்குப் பிறகு எழுதாமல் போனது ஒன்றுகூட இல்லை. இதை யாரும் பாராட்டப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

விசாரணைக்கு நீங்களே என்னை நிபுணர் என்று கூப்பிட்டீர்கள். நர்ஸ் அக்கா எதிரே உட்கார்ந்திருந்தார். எழுதாமலேயே பச்சை டிக் வர வாய்ப்பு உண்டா என்று கேட்டீர்கள். "எழுதாததை எழுதியாச்சுன்னு சொல்ற டிரைவரை இருபது வருஷத்துல நான் வேற எங்கயும் பாத்ததில்ல" என்றேன். அது முழு உண்மை. நீங்கள் 'எங்கும் பார்த்ததில்லை' என்று எழுதிக்கொண்டீர்கள். வேறு என்கிற ஒரு சொல் மட்டும் விட்டுப்போயிற்று. திருத்தலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள்.

அடுத்த வாரமே நர்ஸ் அக்கா தன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தார். அவருடைய நர்ஸ் பதிவை ரத்து செய்தார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கோப்பு மூடப்பட்டது.

ஏழு மாதம் கழித்து மாட்டிக்கொண்டேன், அதுவும் நல்லது செய்யப் போய். சந்தேகம் வேறு எதற்கோ பழைய கோப்புகளைப் புரட்டியிருக்கிறாள். அவள் இரண்டரை வருஷத்துக்கு முன்பு கையெழுத்துப் போட்ட நகல் விஷயம், கண்டக்டர் இறந்து இரண்டு வாரம் கழித்துப் புதிதாகச் சேர்க்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள். என் மேஜைக்கு வந்து நின்றாள். இந்த முறை சந்தேகம் என்று ஆரம்பிக்கவில்லை.

"போட்டுட்டேன்னு சொன்னீங்களே" என்றாள்.

"போட்டுட்டேனே. இப்ப இருக்குல்ல" என்றேன்.

பிறகு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். எனக்கு அவள் மேல் கோபமே இல்லை. தன் கையெழுத்தும் அதில் இருக்கிறது என்று தெரிந்தே வந்தாள். அந்தத் தைரியம் எல்லோருக்கும் வராது.

இவ்வளவும் நீங்கள் கேட்டதற்குப் பதில். இனி நீங்கள் கேட்காதது. இந்தத் தாளைக் கொடுக்கும்போது தலையைச் சொறிந்துகொண்டே ஒன்று சொன்னீர்கள். மெஷின் தப்பு என்று நிரூபித்தாலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது, அக்காவே தன் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம் கோப்பில் இருக்கிறது, செய்யாத தப்பை ஒரு மனுஷி இவ்வளவு விவரமாக எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று. கடிதம் வந்த அன்று என் முன்னாலேயே அதைப் படித்துவிட்டு, "மனசாட்சி உள்ளவங்கதான் இப்படி எழுத முடியும்" என்று நீங்கள் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என்ன நடந்தது என்றால், நான் சாட்சி சொன்ன அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும் அக்கா என்னைத் தேடி வந்தார். உள்ளே இருந்தவர்களில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியவன் நான் ஒருவன்தான்.

"சார், நீங்க மெஷின் தெரிஞ்சவங்க. சத்தியமாச் சொல்றேன், நான் பச்சை டிக் பாத்தேன். பாத்துட்டுத்தான் கிளம்பினேன்."

"பாத்திருப்பீங்கக்கா. பக்கத்துப் பேஷன்ட்டோடதப் பாத்திருப்பீங்க."

"இல்ல சார், அவரோடதுதான்."

"ஒரு நாளைக்கு எத்தனை டிக் பாக்கறீங்க? அதுல இது எதுன்னு எப்படித் தெரியும்? எல்லாருக்கும் வர்றதுதான், விடுங்க."

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "ஒருவேளை நான்தான் அழுத்தணும்னு நெனச்சு அழுத்தாம விட்டுட்டேனோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுத்தில் ஒப்புக்கொண்டால் போலீஸ் கேஸ் இல்லாமல் பதிவு ரத்தோடு விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னாராம். கணவரும் முடித்துவிடு என்கிறாராம். ஆனால் எப்படி எழுதுவது என்று தெரியவில்லையாம். "எனக்கு ஊசி போடத்தான் சார் தெரியும், லெட்டர் எழுத வராது. நீங்க கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார். யாராவது உதவி கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது.

கேன்டீனில் உட்கார்ந்தோம். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் எழுதி முடித்தேன். அவர் அதைப் பார்த்துப் பார்த்துத் தன் கையால் இன்னொரு தாளில் எழுதினார். உங்கள் கோப்பில் இருப்பது அந்தத் தாள். 'பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததையே செய்ததாக எடுத்துக்கொண்டு, செய்தாகிவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். அதனால் ஓர் உயிர் போயிற்று.' இந்த நாலு வரியை எழுத நான் யோசிக்கவே இல்லை, பேனா தானாக ஓடியது. எழுதி முடித்தபோது நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று இரண்டு வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகவே ஏழு மாதமாக நான் உண்மையை மறைத்து வைத்திருந்தேன் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். நான் அப்போதே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன், கையெழுத்து மட்டும்தான் அக்காவுடையது.